ஆறு மாதக் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தால் ஆட்டிசம் தெரியுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். மூத்தவனுக்கு நாலரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான ஆக்குபேஷனல் தெரபி) இரண்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறான். அடுத்தது பெண் குழந்தை, ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. நன்றாகச் சிரிக்கிறாள், முகம் பார்க்கிறாள். ஆனால் மூத்தவனும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தான். ஆறு மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆட்டிசம் வருமா வராதா என்று மூளையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஒரு வீடியோ என் கணவருக்கு வந்தது. விசாரித்ததில், லேசாக மயக்கம் கொடுத்து எடுத்துத் தருகிறோம் என்று ஒரு ஸ்கேன் சென்டரில் சொன்னார்கள். கணவர் எடுத்தே ஆகவேண்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. மாமியாரோ, வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ் என்று மூன்று பாஷை கேட்டுத்தான் பெரியவன் குழம்பிப்போனான், நான் மாசமாக இருந்தபோது லேப்டாப்பும் கையுமாக இருந்ததும் ஒரு காரணம் என்கிறார். ஸ்கேன் எடுக்கலாமா? இவளுக்கும் வந்துவிடுமா? நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஸ்கேன் வேண்டாம். உங்கள் மகளுக்கு இப்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

இதற்காக உங்கள் கணவரோடு சண்டை போடாதீர்கள். அந்த வீடியோ ஒரேயடியாகப் பொய் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலையும் இருக்காது, காலும் இருக்காது. இது நிஜமான ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்த செய்திதான். என்ன, சௌகரியமான பகுதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்து வரும் பிள்ளைக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அதை வைத்து அமெரிக்காவில் சேப்பல் ஹில், பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ், சியாட்டில் ஆகிய நான்கு ஊர்களில் உள்ள மையங்கள் சேர்ந்து ஐபிஸ் என்ற பெயரில் ஒரு கூட்டாய்வை நடத்தத் தொடங்கின. இப்படிப்பட்ட வீடுகளில் பிறந்த கைக்குழந்தைகளை ஆறாம் மாதம், 12-ஆம் மாதம், 24-ஆம் மாதம் என்று திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. குழந்தை தானாகத் தூங்கிய பிறகு காதுகளைப் பத்திரமாக மூடி மெஷினில் வைத்து எடுப்பார்கள். விழித்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு வயதில் நிபுணர்கள் நேரில் பார்த்து யாருக்கு ஆட்டிசம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்தார்கள். அப்புறம் பழைய படங்களை எடுத்து, இது முன்னாடியே தெரிந்ததா என்று தேடினார்கள்.

தெரிந்தது. 2017 பிப்ரவரியில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்த கட்டுரையின் சாரம் இது. பின்னாளில் ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்துக்கும் 12-ஆம் மாதத்துக்கும் இடையே பெருமூளைப் புறணியின் பரப்பு மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது. புறணி என்பது புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக மண்டைக்குள் அடங்கியிருக்கும் மேல் அடுக்கு. அதன் தடிமனில் வித்தியாசம் இல்லை, பரப்பில்தான். அதற்கடுத்த ஆண்டில் மூளையின் மொத்தப் பருமனும் கூடியது. கண் பார்த்துப் பழகுவது, கூப்பிட்டால் திரும்புவது போன்றவை குறைவதும் அந்த இரண்டாம் ஆண்டில்தான் வெளிப்படையாகத் தெரிந்தது. 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தைப் பற்றிய தன் முதல் கட்டுரையிலேயே, தான் பார்த்த 11 குழந்தைகளில் ஐந்து பேருக்குத் தலை கொஞ்சம் பெரிதாக இருந்ததாகக் குறித்துவைத்தார். அது எந்த மாதத்தில், மூளையின் எந்த அடுக்கில் ஆரம்பிக்கிறது என்று பார்க்க 70 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

உங்கள் கணவருக்கு வந்த வீடியோவில் சொல்லும் 'கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்' என்ற செய்தியும் இதே கட்டுரையில் இருப்பதுதான். 179 குழந்தைகளின் ஆறு மாத, 12 மாத அளவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் 34 பேருக்குப் பின்னால் ஆட்டிசம் வந்தது. கம்ப்யூட்டர் அந்த 34 பேரில் 30 பேரைச் சரியாகப் பிடித்தது. ஆட்டிசம் வராத 145 பேரில் ஏழு பேரை மட்டும் தவறாகச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் இன்னொரு கட்டுரை வந்தது. மூளையின் எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து இயங்குகின்றன என்பதை ஆறாம் மாத ஸ்கேனில் மட்டும் பார்த்தார்கள். மொத்தம் 59 குழந்தைகள். பின்னால் ஆட்டிசம் வந்த 11 பேரில் ஒன்பது பேரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது, வராத 48 பேரில் ஒருவரைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. எனக்கும் அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது உற்சாகமாகத்தான் இருந்தது.

வேறு சில அடையாளங்களும் கிடைத்திருக்கின்றன. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் இருக்கும் நீர் சில குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலேயே கூடுதலாக இருப்பது 2013-ல் தெரியவந்து, 2017-ல் பெரிய எண்ணிக்கையில் மறுபடியும் பார்க்கப்பட்டது. உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற சிறு பகுதி, ஆறு மாதத்தில் எல்லாரையும்போல இருந்துவிட்டு அதன்பின் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்வதை 2022-ல் சொன்னார்கள். தலையில் வலை மாதிரி மாட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலும், குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று தொடரும் கருவிகளிலும் ஆராய்ச்சி நடக்கிறது. பார்வையைத் தொடரும் கருவி ஒன்றுக்கு 2022-ல் அமெரிக்க அரசின் அனுமதியே கிடைத்தது. ஆனால் அது 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, அதுவும் மருத்துவரின் முடிவுக்குத் துணையாக. ஐந்து மாதக் குழந்தைக்கு இல்லை.

சரி, இவ்வளவு இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதல் காரணம், நம் ஊர் ஸ்கேன் சென்டரில் எடுத்துத் தரப்போவது அந்த ஸ்கேனே இல்லை. மெஷின் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஆய்வில் பார்த்தது கண்ணுக்குத் தெரியும் கோளாறு அல்ல. அந்தக் குழந்தைகளின் படத்தைத் தனியாக எடுத்து எந்த ரேடியாலஜிஸ்டிடம் காட்டினாலும் இயல்பாக இருக்கிறது என்றுதான் எழுதுவார். நான்கு மையங்களிலும் ஒரே முறையில் எடுத்து, பரப்பை அளந்து, ஆறாம் மாத அளவையும் 12-ஆம் மாத அளவையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் கணக்கோடு பொருத்தினால்தான் அந்த வித்தியாசம் தெரியும். முதல் ஆய்வில் 12-ஆம் மாத ஸ்கேனும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். 'ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்' என்ற பேச்சே அங்கு இல்லை. இரண்டாவது ஆய்வில் ஆறாம் மாதமே போதும், ஆனால் அது மொத்தமே 59 குழந்தைகள்.

அப்படியானால் உங்கள் கைக்கு வரப்போகும் ரிப்போர்ட் எப்படி இருக்கும்? அநேகமாக இயல்பு என்று வரும். வீட்டில் எல்லாரும் நிம்மதியாகி, அடுத்த ஒரு வருடம் அவளைக் கவனிப்பதை விட்டுவிடுவீர்கள். அந்த ரிப்போர்ட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு இதுதான் பெரிய பயம். மாறாக, மூளையைச் சுற்றி நீர் கொஞ்சம் கூடுதல் என்று ஒரு வரி வந்தால் வேறு விதமான கஷ்டம். கைக்குழந்தைகளில், அதிலும் தலை கொஞ்சம் பெரிதாக இருக்கும் குழந்தைகளில், இது பரவலாகக் காணப்படும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு வரியோடு நீங்கள் மூன்று டாக்டரைப் பார்ப்பீர்கள், தூக்கம் போகும், இன்னொரு ஸ்கேனும் எடுப்பீர்கள்.

மயக்க மருந்தைப் பற்றி. அவசியம் இருக்கும்போது அனுபவமுள்ள மயக்க மருத்துவர் உடனிருந்து கொடுத்தால் அது பெரும்பாலும் பாதுகாப்பானதுதான். வலிப்பு வரும் குழந்தைக்கு நானே எழுதிக்கொடுப்பேன். பதில் கிடைக்காத ஒரு கேள்விக்காக ஆறு மாதக் குழந்தைக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆட்டிசத்தைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்த ஆய்வுகள் நடந்த நாட்டின் நிலையே இது.

உங்கள் கணவர் கணக்குப் பார்க்கிறவர் என்றால் இதையும் காட்டுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் முறையையே யாரோ இங்கே கொண்டுவந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று எடுத்துக்கொண்டால் ஆயிரம் பேரில் பத்துப் பேர். கம்ப்யூட்டர் ஒன்பது பேரைப் பிடிக்கும். ஆனால் மீதி 990 பேரில் கிட்டத்தட்ட 50 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, 'உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம் வரும்' என்று சொல்லப்பட்ட ஆறு குடும்பங்களில் ஐந்து குடும்பங்கள் ஒன்றுமே இல்லாத குழந்தையை வைத்துக்கொண்டு அழும். உங்கள் வீட்டுக் கணக்கு இவ்வளவு மோசம் இல்லை, மூத்தவனுக்கு ஆட்டிசம் இருப்பதால் இவளுக்கு வாய்ப்பே நூறில் ஒன்றைவிடக் கூடுதல். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதற்கு வருகிறேன், 'இவளுக்கும் வந்துவிடுமா' என்ற கேள்விக்கு. இந்த மாதிரித் தம்பி தங்கைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்த பல நாட்டு ஆய்வு ஒன்று 2011-லும், அதைவிடப் பெரிதாக 1,600 குழந்தைகளுக்கு மேல் பார்த்த ஆய்வு 2024-லும் வந்தன. இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் உறுதியானது. 2024 ஆய்வில் ஆண் குழந்தைகளில் 25 சதவீதம், பெண் குழந்தைகளில் 13 சதவீதம். மூத்த அக்காவுக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு இன்னும் கூடுகிறது. உங்கள் வீட்டில் மூத்தது அண்ணன். ஆகவே உங்கள் மகளைப் போன்ற நூறு பெண் குழந்தைகளில் 85 பேருக்கு மேல் ஆட்டிசம் வராது. அதே சமயம், பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட இவளுக்கு வாய்ப்புப் பல மடங்கு கூடுதல் என்பதும் நிஜம். ஆட்டிசம் வராவிட்டாலும் இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்குப் பேச்சு மட்டும் தாமதமாகலாம். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயந்துகொண்டே இருக்கவும் வேண்டாம், எல்லாம் சரியாகிவிடும் என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம்.

'மூத்தவனும் இப்படித்தான் சிரித்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான், நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். பின்னால் ஆட்டிசம் வரும் குழந்தைகள் பலரும் ஆறாம் மாதத்தில் மற்றவர்களைப் போலவே சிரிக்கிறார்கள், முகம் பார்க்கிறார்கள். ஆறிலிருந்து 12 மாதத்துக்குள் அது மெல்லக் குறைகிறது. பார்வையைத் தொடரும் கருவியை வைத்து 2013-ல் செய்த ஆய்வில், இரண்டாம் மாதத்தில் சாதாரணமாகக் கண்களைப் பார்த்த குழந்தைகளே ஆறாம் மாதத்துக்குள் அதைக் குறைக்கத் தொடங்கியது தெரிந்தது. ஆகவே ஒரு நாள் பார்த்து முடிவு கட்ட முடியாது. மாதாமாதம் அவள் எந்தத் திசையில் போகிறாள் என்பதுதான் விஷயம். ஸ்கேன் ஆய்விலும் இதே கதைதான்: ஆறாம் மாதத்து அளவைவிட, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நடந்த மாற்றம்தான் செய்தி.

இதற்கு உங்கள் செல்போன் போதும். மாதம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரே தேதியில், இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுத்துவையுங்கள். குளிப்பாட்டி உடுத்தும்போது, மடியில் வைத்துப் பேசும்போது, தனியாகப் பாயில் கிடக்கும்போது என்று ஒரே மாதிரிச் சந்தர்ப்பங்களில். போஸ் கொடுக்க வைக்காதீர்கள், கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிக்க வைக்காதீர்கள். அவள் தானாக என்ன செய்கிறாள் என்பதுதான் எனக்கு வேண்டும். பல தாய்மார்கள் குழந்தை சிரிக்கும் பத்து நொடிகளை மட்டும் எடுத்துவந்து காட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது.

என்ன பார்ப்பது? இப்போது, ஆறு மாதத்தில், படுத்திருப்பவளின் இரு கைகளையும் பிடித்து மெதுவாக எழுப்பினால் தலை பின்னால் தொங்காமல் கூடவே வர வேண்டும். தொங்கினால் அது ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, ஆனால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். நீங்கள் சிரித்தால் சிரிக்க வேண்டும், சத்தம் கொடுத்தால் பதில் சத்தம் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் 'பபப', 'மமம' என்று அடுக்கிப் பேசுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பத் தொடங்குவாள். முதல் பிறந்தநாள் ஆனபிறகும் டி.வி. ஓடாத அமைதியான அறையில் நாலு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கை நீட்டித் தூக்கச் சொல்வது, டாட்டா காட்டுவது, நீங்கள் விரலால் காட்டும் காக்காயைத் தேடிப் பார்ப்பது ஆகியவை ஒரு வயதை ஒட்டி வரும். 14, 15 மாதத்தில் அவளே விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் பேச்சைவிடவும் எனக்கு முக்கியம். அப்புறம், எந்த வயதிலும் வந்த ஒன்று போனால், அதாவது சொன்ன சொல்லை நிறுத்திவிட்டால், காட்டிய டாட்டாவை விட்டுவிட்டால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

காது பரிசோதனை பிறந்தபோது செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே செய்துவிடுங்கள். பெயர் சொன்னால் திரும்பாத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதைத்தான்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்பதற்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் பெர்த், மெல்போர்ன் நகரங்களில் ஒன்பதிலிருந்து 14 மாதத்துக்குள், சில ஆரம்ப அறிகுறிகள் காட்டிய நூறு சொச்சம் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரின் வீட்டுக்குத் தெரபிஸ்ட் பத்து முறை போய், தாயும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைத் தாய்க்கே போட்டுக் காட்டினார். 'இங்கே பாருங்கள், அவள் உங்களை அழைக்கிறாள், நீங்கள் இப்படிப் பதில் கொடுத்தீர்கள்' என்று. குழந்தைக்கு நேரடியாக எந்தப் பயிற்சியும் இல்லை. மூன்று வயதில் பார்த்தபோது, இந்தப் பிரிவில் 6.7 சதவீதம் குழந்தைகளுக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்த பிரிவில் 20.5 சதவீதம் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் என்று உறுதியானது. 2021-ல் வெளிவந்தது. இது ஒரே ஒரு ஆய்வுதான். ஆட்டிசத்தைத் தடுத்துவிடலாம் என்று இதை வைத்து யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் இதில் ஸ்கேன் இல்லை, மருந்து இல்லை, பக்கவிளைவு இல்லை. ஆட்டிசம் வராத குழந்தைக்கும் இதனால் லாபம்தான். ஸ்கேன் ரிப்போர்ட் எப்படி வந்தாலும் உங்களை இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். அப்படியிருக்க ரிப்போர்ட்டுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

உங்கள் மாமியார் இதில் பெரிய உதவி. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளாளுக்குச் சோறு ஊட்டி, கடைசியில் நண்டு ஊர்ந்து கக்கத்துக்குப் போகிற விளையாட்டு அவருக்கு நிச்சயம் தெரியும். அதை ஆடச் சொல்லுங்கள், ஒரே ஒரு மாற்றத்தோடு. நண்டு முழங்கை வரை போனதும் நின்றுவிட வேண்டும். சும்மா நின்று குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாலோ, சத்தம் கொடுத்தாலோ, கையை ஆட்டினாலோ உடனே கிச்சுக்கிச்சு மூட்டலாம். முறை வைத்துப் பேசுவதன் முதல் பாடம் அது. நாம் பெரியவர்கள் செய்யும் தப்பு, குழந்தை பதில் சொல்ல இடமே கொடுக்காமல் கொஞ்சித் தீர்ப்பது. அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றிப் பேசுங்கள், அவள் எழுப்பும் சத்தத்தைத் திருப்பிச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் பொறுங்கள். சோறூட்டும்போது போனைக் காட்டாதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று அட்டவணை எல்லாம் தேவையில்லை. மூத்தவனை வைத்துக்கொண்டு உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாமியார் சொன்ன மற்ற இரண்டுக்கும் பதில். மொழியால் ஆட்டிசம் வருவதில்லை. பெங்களூரில் பாதிக் குழந்தைகள் தமிழோ தெலுங்கோ உருதோ வீட்டில் பேசி, தெருவில் கன்னடம் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள்கூட இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. 'வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்று இந்த ஊரில் சில இடங்களில் பெற்றோருக்கு அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இது. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷில் கொஞ்சத் தெரியாது. அப்புறம் அந்த வீட்டில் குழந்தையோடு யார்தான் பேசுவது? தமிழிலேயே பேசுங்கள். மூத்தவனோடும்தான்.

லேப்டாப், வேலை, கர்ப்ப காலத்தில் நீங்கள் பட்ட கவலை எதுவும் காரணம் இல்லை. தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லித் தாய்மார்களை அழவைத்தார்கள். அந்தக் கருத்து எப்போதோ செத்துவிட்டது. ஆட்டிசத்தில் பெரும்பங்கு மரபணுக்களுக்குத்தான் என்று இன்று தெரியும். மூளை ஸ்கேன் ஆய்வுகளால் உங்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் ஒரே பலன் இங்கேதான் இருக்கிறது: குழந்தை பேச வேண்டிய வயது வருவதற்கும், ஸ்கூலில் இங்கிலீஷ் கேட்பதற்கும் வெகு முன்பே, முதல் வயதிலேயே, மூளை வேறு பாதையில் வளரத் தொடங்கிவிடுகிறது. மாமியாரிடம் இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். அவரும் ஏதோ காரணம் தேடித் தவிக்கிறார், கெட்ட எண்ணம் இருக்காது.

பரிசோதனை என்று பணம் செலவழிக்க நினைத்தால், அதை மூத்தவனுக்குச் செய்யுங்கள். ஆட்டிசம் உறுதியான குழந்தைக்குக் குரோமோசோம் மைக்ரோஅரே, ஃபிரஜைல் எக்ஸ் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கும்படி மரபணு மருத்துவர்கள் சொல்வார்கள். பலருக்கு ஒன்றும் கிடைக்காது. கிடைத்தால், நான் மேலே சொன்ன 13 சதவீதக் கணக்கை மறந்துவிட்டு, உங்கள் வீட்டுக்கான சரியான கணக்கையே சொல்ல முடியும். தங்கைக்கும் அந்த ஒன்றை மட்டும் ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

மகளுக்கு எம்.ஆர்.ஐ. எப்போது வேண்டியிருக்கும் என்றால்: வலிப்பு வந்தால், தலைச்சுற்றளவு திடீரென்று ஏறினாலோ வளராமல் நின்றாலோ, ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்தினால், தோலில் இலை வடிவத்தில் வெளிறிய புள்ளிகள் பல இருந்தால். அப்போது குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் சொல்வார், தயங்காமல் எடுங்கள்.

எங்கே போவது? பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை, செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை ஆகியவற்றுக்கும் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. அரசுத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை வளர்ச்சிக் குறைபாடுகளை இலவசமாகப் பார்க்க வேண்டும். உங்கள் பகுதி அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். மூத்தவனுக்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு எடுத்திருக்கிறீர்களா? அவனுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவையும் சேர்த்துக் கிடைக்கும். எடுக்காத குடும்பங்கள்தான் அதிகம்.

இன்னொன்று. ஸ்கேன் விசாரிக்கப் போன இடத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்திருந்தால், 'மூளை மேப்பிங்', ஸ்டெம் செல் என்றெல்லாம் போன் வரக்கூடும். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் கேட்பார்கள். மூத்தவனுக்கும் வேண்டாம்.

இவளை ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது, அதே நாளில் வளர்ச்சிப் பரிசோதனைக்கும் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் 12, 18, 24 மாதங்களில். 18-ஆம் மாதத்தில் எம்-சாட் என்ற, ஆட்டிச அறிகுறிகளைப் பற்றிய 20 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். தேறிவிட்டாலும் 24-ஆம் மாதத்தில் மறுபடியும். போகும்போது தாய் கார்டு (கர்ப்ப காலத்தில் தரும் தாய்-சேய் அட்டை), பிறந்தபோது எழுதிய தலைச்சுற்றளவு, மூத்தவனின் ரிப்போர்ட்டுகள், செல்போனில் அந்த வீடியோக்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் அவர் நேராகவே கேட்கட்டும்.